காலி வண்டி எடை

புதுவயல் எடைமேடையில் எனக்கு இது பதினேழாவது வருஷம்.
நெல் லாரி ஏறும். எண் ஓடும், தடுமாறும், நிற்கும்.
மில்லில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை.
பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால்
மிச்சம்தான் சரக்கு.
இதற்குமேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

இந்த முறை வேட்பாளரை நாங்களே தேர்ந்தெடுக்கலாமாம்.
அட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஓட்டு.
கட்சியில் இதுவரை நடக்காத காரியம்.
ஆனாலும் கழனிவாசல் வரைக்கும் சுவர்களுக்கு
வெள்ளை அடித்துப் பெயருக்கு இடம் விட்டாயிற்று.
சேவுகமூர்த்தி என்று எழுதினால் அளவாக வரும்.
அமலி என்று எழுதினால்
பாதிச் சுவர் சும்மா கிடக்கும்.

"ஜெயிக்கிற ஆளுக்குப் போடுங்க மதினி,
ஓட்டு வீணாகாது" என்கிறான் கொழுந்தன் ஆத்மநாதன்.
ஏற்கெனவே ஜெயித்தவனுக்கு
மேலும் ஒன்று போடுவதுதானே வீண்?
கேட்கவில்லை. அவன் சட்டைப் பையில்
சேவுகமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார்.

நன்றி கெட்டவள் இல்லை நான்.
என் வீட்டுக்காரர் கண்டனூர்ச் சாலையில் விழுந்த இரவு
அவர் ஒரு போன் பேசினார்,
பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.
அந்தப் பத்து நிமிஷம் இன்றைக்கும்
வீட்டில் எழுந்து நடமாடுகிறது, காபி கேட்கிறது.

ஆனால் உமிச்சாம்பல்.
கொடியில் காயும் வெள்ளைச் சீருடையெல்லாம்
சாயங்காலத்துக்குள் பொடி பூசிக்கொள்கிறது என்று
இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம்.
வந்தார். தன் கார் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்து
"பார்த்தீங்களா!" என்று எங்களிடமே காட்டினார்.
மறுவாரம் மில்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள்.
புகைபோக்கி அதே உயரத்தில் நிற்கிறது.
அவர் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறார்.

நான் அவரைப் பார்த்த போதெல்லாம் பாரத்தோடுதான்:
மாலை, மைக், முன்னால் நாலு வண்டி பின்னால் ஆறு,
கூட வந்தவர்கள், கூட வந்தவர்களோடு வந்தவர்கள்.
காலி வண்டியாக ஒருநாளும் பார்த்ததில்லை.
எதிலிருந்து எதைக் கழிப்பேன்?

அமலியைப் பார்த்திருக்கிறேன்.
பேருந்தை விட்டுவிட்டு, தனியாக,
பஞ்சர் கடை பெஞ்சில் காகிதம் திருத்திக்கொண்டு.
மேடையில் அதையே வாசிப்பார், எல்லாம் சரியாக இருக்கும்,
இரண்டாம் பக்கத்தில் பெண்கள் எழுந்துவிடுவார்கள்,
மூன்றாம் பக்கத்தில் நானும் எழுந்திருக்கிறேன்.
அவரை நிறுத்தினால் தோற்போம்.
இதுவும் எனக்குத் தெரியும். தெரிவதுதான் தொந்தரவு.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு.
சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் பெரிய வீட்டில்,
வளவின் நடுவே பெட்டி.
தூணுக்குத் தூண் அவர் முகம்;
அமலிக்கு ஒரு தூண் கிடைத்திருந்தது, மாடிப்படிக்குப் பின்னால்.
வாசலில் அவரே நின்று கும்பிட்டார்:
"வாங்க சகோதரி, மில் வேலையெல்லாம் எப்படிப் போகுது?"
நான் மில்லில் வேலை பார்க்கவில்லை.
"நல்லா போகுது" என்றேன்.
அந்த இரண்டு வார்த்தைக்காக என்மேல்
இன்னும் கோபம் தீரவில்லை.

மறைப்புக்குள் முத்திரைக் கட்டை கனத்தது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
வெளியே வந்தபோது ஆத்மநாதன்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்,
நானும் காட்டினேன்.

மேடைக்குத் திரும்பினால் மூன்று லாரி காத்திருக்கிறது.
முதல் வண்டி டிரைவர் இறங்காமலே கத்துகிறான்,
"சீக்கிரம் போடுங்கக்கா, எப்பவும் வர்ற எடைதான்!"
இறங்கு என்றேன்.
ஆள் இறங்கினால் அறுபது கிலோ குறையும்.
எண் தடுமாறிக்கொண்டிருக்கிறது,
நிற்கட்டும்.